குடுவைக்குள் என்ன மாறியது? வாசகர் கேள்வியும் வாத்தியார் பதிலும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள் எழுதியவை. எல்லாம் வேதிவினைகள் பாடத்தைப் பற்றித்தான். பெரியவர்களும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதையும் சேர்த்துக்கொண்டேன், ஏனென்றால் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் தேடுகிற விடை அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. ஆசிரியர் குழு எனக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது: வாய்பாட்டு எழுத்துகளை அச்சடித்தால் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்களாம். அதனால் எல்லாப் பொருளையும் பெயர் சொல்லியே கூப்பிடுகிறேன். பிள்ளைகள் நோட்டில் வாய்பாடாக மாற்றி எழுதிக்கொள்ளட்டும். அதுவே நல்ல பயிற்சி.

சமன்பாட்டைச் சமன் செய்யும்போது வாய்பாட்டுக்குள் இருக்கிற சின்ன எண்ணை மாற்றினால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. ஆனால் மிஸ் மார்க் போட மாட்டேன் என்கிறார். முன்னால் எண் போட்டாலும் கீழே எண் போட்டாலும் அணுக்களின் எண்ணிக்கை சரியாகத்தானே வருகிறது?
*பத்தாம் வகுப்பு மாணவி, பாலக்கோடு*

எண்ணிக்கை சரியாக வருகிறது கண்ணு, ஆனால் பொருள் மாறிப்போகிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீர் உண்டாகிறது. இடது பக்கம் ஆக்சிஜன் அணு இரண்டு, வலது பக்கம் ஒன்றுதான். நீ என்ன செய்தாய்? நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே 2 போட்டுவிட்டாய். கணக்கு நேரானது. ஆனால் நீ எழுதியது இப்போது நீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் புண் கழுவ வாங்குவார்களே, ஊற்றினதும் நுரைக்குமே, அது. அதைக் குடித்துத் தாகம் தீர்க்க முடியாது. மிஸ் மார்க் போடாதது சரிதான்.

கீழே இருக்கிற சின்ன எண், அந்தப் பொருள் யார் என்று சொல்கிறது. அதில் உனக்கோ எனக்கோ அதிகாரம் கிடையாது. சோதனை செய்து பார்த்தவர்கள் கண்டுபிடித்துச் சொன்னது. முன்னால் போடுகிற பெரிய எண், அந்த மூலக்கூறு எத்தனை என்று சொல்கிறது. நம் கைக்கு எட்டுவது அது ஒன்றுதான். ஆகவே 2 ஹைட்ரஜன் + 1 ஆக்சிஜன் → 2 நீர்.

கொஞ்சம் கடினமான ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். பியூட்டேன் எரிகிறது. ஒரு பியூட்டேன் மூலக்கூறில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் நீரும் ஆகிறது. ஆக்சிஜனை முதலில் தொடாதே. வலது பக்கம் அது இரண்டு பொருளில் பிரிந்து கிடக்கிறது, இடது பக்கம் தனியாக நிற்கிறது. தனியாக நிற்பதைக் கடைசியில் எப்படி வேண்டுமானாலும் சரி செய்துகொள்ளலாம். கார்பன் 4 இருப்பதால் 4 கார்பன் டை ஆக்சைடு. ஹைட்ரஜன் 10 இருப்பதால் 5 நீர். இப்போது வலது பக்க ஆக்சிஜனை எண்ணு: எட்டும் ஐந்தும் பதின்மூன்று. ஆக்சிஜன் ஜோடி ஜோடியாக வருவதால் ஆறரை மூலக்கூறு வேண்டும். அரை மூலக்கூறு என்று ஒன்று கிடையாதே என்று திகைக்காதே, எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிவிடு: 2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டை ஆக்சைடு + 10 நீர்.

நோட்டின் ஓரத்தில் வட்டம் வட்டமாக வரைந்து எண்ணிப் பார்த்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும். வரைகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற மாணவர்கள் உண்டு. அவர்கள் பதினொன்றாம் வகுப்பில் மோல் கணக்கு வரும்போது அழுவார்கள்.

என் மகன் "நிறை அழிவதும் இல்லை, ஆக்கப்படுவதும் இல்லை" என்று சத்தம் போட்டுப் படிக்கிறான். நான் ஒன்று கேட்டேன். கேஸ் சிலிண்டர் வரும்போது தூக்க முடியாமல் தூக்கி வைக்கிறார்கள், போகும்போது ஒரு கையால் எடுத்துப் போகிறார்கள். உள்ளே இருந்த 14.2 கிலோ எங்கே போனது? அவனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும்தான்.
*இல்லத்தரசி, அரூர்*

அம்மா, இந்த மாதக் கடிதங்களில் இதுதான் நல்ல கேள்வி. மேலே அந்தப் பெண்ணுக்குச் சமன் செய்து காட்டிய பியூட்டேனை எதற்காக எடுத்தேன் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. கணக்கு எளிதாக இருக்க முழுவதும் பியூட்டேன் என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தச் சமன்பாட்டின்படி 116 கிராம் பியூட்டேன் எரிய 416 கிராம் ஆக்சிஜன் வேண்டும். இரண்டும் சேர்ந்து 532 கிராம். வெளியே வருவது 352 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 180 கிராம் நீர். கூட்டினால் அதே 532. இதையே உங்கள் சிலிண்டருக்குப் போடுவோம். 14.2 கிலோ கேஸ், சமையலறைக் காற்றிலிருந்து ஏறக்குறைய 51 கிலோ ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. தருவது சுமார் 43 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 22 கிலோ நீர்.

ஆமாம், 22 கிலோ தண்ணீர். ஒன்றரைக் குடத்துக்கு மேல் வரும். ஒரு சிலிண்டர் தீர்வதற்குள் அவ்வளவு தண்ணீரும் ஆவியாக உங்கள் ஜன்னல் வழியே போயிருக்கிறது. நம்பிக்கை வரவில்லை என்றால் காலையில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தை அடுப்பில் வையுங்கள். பற்றவைத்த சில நொடிகளில் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் பனி போல ஈரம் படியும். பாத்திரம் ஒழுகுகிறதோ என்று சந்தேகப்பட்டுத் துடைப்பீர்கள். அது தீயிலிருந்து வந்த தண்ணீர். பாத்திரம் சூடானதும் மறைந்துவிடும்.

ஆகவே சிலிண்டரில் குறைந்ததைவிட நாலு மடங்குக்கும் மேலான எடையில் கார்பன் டை ஆக்சைடும் நீரும் காற்றில் கலந்திருக்கின்றன. அதில் 51 கிலோ காற்றிலிருந்தே எடுத்த ஆக்சிஜன்; மிச்சம்தான் உங்கள் 14.2 கிலோ. சமையலறை ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக்சிஜன் போதாமல் போனால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும்; அது ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் விஷம்.

இந்த நிறைக் கணக்கை உறுதியாக நிலைநாட்டியவர் பிரான்ஸ் நாட்டு லவாசியே. மூடிய பாத்திரத்தில் வினையை நடத்தி, முன்னும் பின்னும் தராசில் வைத்துப் பார்த்தார். 1789-ல் வந்த தம் பாடநூலில் இதை எழுதியும் வைத்தார். அவர் பிழைப்புக்குச் செய்த வேலை வரி வசூல் குத்தகை. வரவும் செலவும் சரியாக வந்தாக வேண்டும் என்ற பிடிவாதம் அங்கிருந்து வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அந்த வரி வேலைதான் 1794-ல் அவரைக் கில்லட்டினுக்கும் அனுப்பியது.

மகனிடம் அடுத்ததாக இதைக் கேளுங்கள்: இரும்பு துருப்பிடித்தால் எடை கூடுமா, குறையுமா? துரு உதிர்கிறதே, குறையும் என்பான். உதிர்ந்ததையும் சேர்த்து நிறுத்தால் கூடியிருக்கும்.

கேஸ் கசிந்தால் காற்றில் ஆக்சிஜனோடு கலந்துதானே நிற்கிறது? தீக்குச்சி கிழிக்கும் வரை ஏன் தானாக எரிவதில்லை?
*ஒன்பதாம் வகுப்பு மாணவர், காரிமங்கலம்*

புதுப் பிணைப்பு உண்டாவதற்கு முன்னால் பழைய பிணைப்பு கொஞ்சமாவது தளர வேண்டும் தம்பி. அதற்கு முதலில் ஒரு உந்துதல் தேவை. அதைக் கிளர்வு ஆற்றல் என்பார்கள். தீக்குச்சி அதைக் கொடுக்கிறது. முதலில் சில மூலக்கூறுகள் எரிந்து வெளிவிடுகிற வெப்பம் பக்கத்து மூலக்கூறுகளுக்குக் கிளர்வு ஆற்றலாகிறது. அப்புறம் தீக்குச்சி தேவையில்லை. சுவிட்சைப் போடும்போது வருகிற சின்னப் பொறியே போதும் என்பதால்தான் கேஸ் வாசனை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதே என்கிறோம். அந்த வாசனையும் கேஸுடையது இல்லை. கசிவு தெரியட்டும் என்று மெர்கேப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைச் சிறிதளவு சேர்த்திருக்கிறார்கள்.

சோடியம் குளோரைடு கரைசலையும் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலையும் சேர்த்தால் பொட்டாசியம் குளோரைடும் சோடியம் நைட்ரேட்டும் கிடைக்கும், இது இரட்டை இடப்பெயர்ச்சி வினை என்று எழுதினேன். சமன்பாடும் சமனாகத்தான் இருக்கிறது. ஆசிரியர் பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டார். ஏன்?
*பதினொன்றாம் வகுப்பு மாணவர், தேன்கனிக்கோட்டை*

காகிதத்தில் நடந்த வினை குடுவையில் நடக்கவில்லை, அதனால்தான்.

கலப்பதற்கு முன்னால் இரண்டு குவளைகளிலும் யார் இருந்தார்கள்? ஒன்றில் சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் தனித்தனியாக நீந்திக்கொண்டிருந்தன (அயனி என்றால் மின்சுமை ஏறிய அணு அல்லது அணுக்கூட்டம்). இன்னொன்றில் பொட்டாசியம் அயனி, நைட்ரேட் அயனி. கலந்த பிறகு? அதே நான்கு பேர், அதே மாதிரி தனித்தனியாக. யாரும் யாரையும் பிடிக்கவில்லை, யாரும் கீழே படியவில்லை, ஆவியாகிப் போகவுமில்லை. எதுவும் மாறாதபோது வினை என்று எதைச் சொல்வது?

இப்போது அதே உப்புக் கரைசலில் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடு. தயிர் போல வெள்ளையாகத் திரியும். வெள்ளி அயனியும் குளோரைடு அயனியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கரையாத வெள்ளி குளோரைடாக விழுந்துவிட்டன. இது வினை. இதில்கூட சோடியமும் நைட்ரேட்டும் வேடிக்கை பார்த்தவர்கள்தான். உண்மையில் மாறியது வெள்ளியும் குளோரைடும் மட்டுமே என்பதைத்தான் அயனிச் சமன்பாடு எழுதிக் காட்டுகிறது.

சமன்பாடு சமனாக இருப்பது, நடந்திருந்தால் கணக்கு சரி என்பதற்கு மட்டும் அத்தாட்சி. நடந்ததா என்பதற்கு அத்தாட்சி கிடையாது. கரைசலில் வினை முன்னோக்கிப் போவதற்கு ஏதோ ஒரு அயனி ஆட்டத்தை விட்டு விலக வேண்டும்: வீழ்படிவாக விழலாம், வாயுவாகப் போகலாம், அமிலமும் காரமும் சேரும்போது நடப்பது போல நீராக மாறி அடங்கலாம். கைடுகளில் சேர்க்கை, சிதைவு, இடப்பெயர்ச்சி என்று வகை வகையாகக் கட்டம் போட்டு முதல் பக்கத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முன்னால் யார், பின்னால் யார் என்று பார்த்து முடித்த பிறகு வகைப்பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெயரை முதலில் வைத்துக்கொண்டு வினையைத் தேடினால் நீ எழுதியது போலத்தான் ஆகும்.

எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்கிறார்கள். பிள்ளைகள் பல்லில் காவி பிடித்த மாதிரி இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகுமா? உங்கள் பகுதிக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்றால் மன்னிக்கவும்.
*இரண்டு பிள்ளைகளின் தகப்பனார், பென்னாகரம்*

மன்னிப்பெல்லாம் எதற்கு ஐயா, நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் இதைவிடச் சம்பந்தமான வேதியியல் கேள்வி கிடையாது.

நேர்விடை முதலில்: கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. கிருமி சாகும், அவ்வளவுதான். ஃபுளோரைடு அயனி ஆவியாகிற பொருள் இல்லை. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய மிச்சத் தண்ணீரில் அதன் செறிவு கொஞ்சம் கூடவே செய்யும்.

இது எங்கிருந்து வருகிறது? நம் காலடியில் கிடக்கிற பாறையிலிருந்து. கிரானைட், நைஸ் போன்ற பாறைகளில் ஃபுளோரைட், அபடைட், கருப்பு மைக்கா ஆகிய கனிமங்கள் கலந்திருக்கின்றன. நிலத்தடி நீர் ஆண்டுக்கணக்கில் அவற்றின் இடுக்கில் தங்கிக் கரைக்கிறது. போர் ஆழமாகப் போகப் போக, தண்ணீர் பாறையோடு இருந்த காலமும் பெரும்பாலும் நீளம்.

இங்கே மேலே தேன்கனிக்கோட்டைத் தம்பிக்குச் சொன்ன வீழ்படிவு விஷயம் உதவிக்கு வருகிறது. கால்சியம் ஃபுளோரைடு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும். தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடு அதிகமாகக் கரைந்து நிற்க முடியாது. அதே தண்ணீரில் கால்சியம் சுண்ணாம்புக் கல்லாகப் படிந்து விலகிவிட்டால், ஃபுளோரைடைத் தடுக்க ஆள் இல்லை. அதனால்தான் சோப்பு நன்றாக நுரைக்கிற மென்னீர் என்று சந்தோஷப்படுகிற போர்வெல்லில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கக் காண்கிறோம். உப்புக் கரிப்பு, நிறம், மணம் எதுவும் காட்டிக் கொடுக்காது. சோதித்தால்தான் தெரியும்.

சோதனையே ஒரு அழகான வேதிவினை. சிர்க்கோனியமும் அலிசரின் சாயமும் சேர்ந்த சிவப்புக் கரைசலைத் தண்ணீரில் விடுவார்கள். ஃபுளோரைடு இருந்தால் சாயத்தின் பிடியிலிருந்து சிர்க்கோனியத்தைப் பறித்துக்கொள்ளும். சிவப்பு வெளுத்து மஞ்சள் பக்கம் போகும். எவ்வளவு வெளுத்தது என்பதை நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவு சொல்வார்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகம் இருக்கிறது, அங்கே கொடுத்துப் பாருங்கள். இந்தியத் தரநிர்ணயப்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரை.

இப்போது பல். பல்லின் எனாமல், ஹைட்ராக்சி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம். அதிலிருக்கிற ஹைட்ராக்சைடு அயனியின் இடத்தில் ஃபுளோரைடு போய் உட்கார்ந்தால் ஃபுளோர் அபடைட் ஆகிறது. அது அமிலத்துக்கு எளிதில் கரையாது. பற்பசையில் ஃபுளோரைடு சேர்ப்பது அதற்காகத்தான். பிறகு ஏன் காவி? அளவும் வயதும்தான் காரணம். குழந்தையின் நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கிற வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், தினமும் அதிக ஃபுளோரைடு உள்ளே போனால் எனாமல் சரியாகக் கெட்டிப்படாது. நுண்துளைகளோடு முளைக்கிற பல்லில் பின்னால் கறை ஏறுகிறது. அந்தக் கறையைப் பற்பொடி போட்டுத் தேய்த்து எடுக்க முடியாது, தேய்த்து ஈறைப் புண்ணாக்காதீர்கள். பெரிய வயதிலும் பல ஆண்டுகள் மிகுதியாகக் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும்.

செய்ய வேண்டியது என்ன? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தக் காரணத்துக்காகவே ஜப்பான் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் திறக்கப்பட்டது. குடிக்கவும் சமைக்கவும் அந்தக் காவிரித் தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். களி கிண்டுகிற தண்ணீரும் வயிற்றுக்குள்தான் போகிறது, அதை மறந்துவிடுகிறார்கள். குளிக்க, துவைக்க, மாட்டுத்தொட்டி கழுவ போர்வெல் இருக்கட்டும். குழாய் வராத நாளுக்கு ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை, ஃபுளோரைடை அது பெருமளவு நீக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் போட்டு ஃபுளோரைடை நீக்குகிற நல்கொண்டா முறை ஒன்று உண்டு. படிகாரத்திலிருந்து உண்டாகிற அலுமினியம் ஹைட்ராக்சைடு பஞ்சு போலத் திரண்டு ஃபுளோரைடைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கும். ஆனால் தண்ணீருக்குத் தண்ணீர் அளவு மாறும். கண்மதிப்பில் படிகாரம் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

மாங்காய்க்குக் கல் வைக்கக் கூடாது, எத்திலீன் அறையில் வைக்கலாம் என்கிறார்கள் அதிகாரிகள். இரண்டும் கேஸ்தானே? ஒன்று குற்றம், இன்னொன்று சட்டப்படி சரி என்றால் எப்படி?
*மண்டிக்காரர், காவேரிப்பட்டணம்*

இரண்டும் கேஸ்தான் அண்ணே, ஆனால் வேறு வேறு கேஸ்.

நீங்கள் கல் என்று சொல்வது கால்சியம் கார்பைடு. அது காற்றிலிருக்கிற ஈரத்தோடும், காய் விடுகிற ஈரத்தோடும் சேரும்போது: 1 கால்சியம் கார்பைடு + 2 நீர் → 1 கால்சியம் ஹைட்ராக்சைடு + 1 அசிட்டிலீன். பொட்டலத்தில் கடைசியில் மிஞ்சுகிற வெள்ளைத் தூள் நீற்றின சுண்ணாம்பு. வெளிவந்த அசிட்டிலீன், வெல்டிங் பட்டறையில் எரிகிறதே, அதேதான். மாங்காய் தானே சுரக்கிற பழுக்க வைக்கும் வாயு எத்திலீன். அசிட்டிலீன் அமைப்பில் அதன் சாயலில் இருப்பதால் காயை ஏமாற்றுகிறது, ஆனால் மிக அதிக அளவில் இருந்தால்தான் அந்த ஏமாற்று பலிக்கும். அதனால் தோல் மஞ்சளாகிவிடும், உள்ளே சதை புளிப்பாக நிற்கும். பெங்களூரா ரக மாம்பழத்தை வெட்டிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

அதைவிடப் பெரிய சங்கதி, கல்லில் கலந்திருக்கிற அழுக்கு. சந்தையில் கிடைக்கிற கார்பைடில் பாஸ்பரஸ், ஆர்சனிக் சேர்மங்கள் கொஞ்சம் இருக்கும். ஈரம் பட்டதும் அவை பாஸ்பீனாகவும் ஆர்சீனாகவும் வெளிவரும். இரண்டும் விஷம். கல் வைத்த அறையில் அடிக்கிற பூண்டு நாற்றம் பெரும்பாலும் அவற்றால்தான். சுத்தமான அசிட்டிலீனுக்கு அப்படி நாற்றம் கிடையாது. முதலில் பாதிக்கப்படுவது பழம் தின்கிறவரைவிட அந்த அறைக்குள் குனிந்து கூடை அடுக்குகிற ஆள்.

எத்திலீனை 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. எத்திபான் பொட்டலம் வைப்பதென்றால் அது காயைத் தொடாமல் இருக்க வேண்டும். அதிலிருந்து வருகிற எத்திலீன் வாயு மட்டும்தான் காய்க்குப் போக வேண்டும். கரைசலில் முக்கி எடுப்பது கூடாது.

பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. மாவுச்சத்தும் நீரும் சேர்ந்து சர்க்கரையாவதுதான் காய் இனிப்பதில் நடக்கிற முக்கிய வினை. அந்தச் சமன்பாட்டில் எத்திலீனுக்கு இடமே இல்லை. அது ஒரு ஹார்மோன். காய்க்குள் நொதிகளைத் தயார் செய் என்று தகவல் சொல்கிறது. வினையை விரைவாக நடத்துகிற வினையூக்கிகள் அந்த நொதிகள்தான். எத்திலீன்தான் வினையூக்கி என்று விடைத்தாளில் எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, முற்றாத பிஞ்சில் போதிய மாவுச்சத்து இருக்காது. எந்த கேஸ் வைத்தாலும் இல்லாத மாவு சர்க்கரையாகாது.

6.5 கிராம் துத்தநாகமும் 3.65 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கொடுத்து, எது முதலில் தீரும் என்று கேட்டார்கள். கிராமில் அமிலம்தான் குறைவு, ஆகவே அமிலம் என்று எழுதினேன். விடை சரி, ஆனால் பாதி மார்க்தான். நியாயமா?
*பி.எஸ்சி. முதலாமாண்டு மாணவர், ஓசூர்*

நியாயம். நானாக இருந்தால் பாதியும் கொடுத்திருக்க மாட்டேன்.

உன் வழியை வேறு கணக்கில் போட்டுப் பார். 2.4 கிராம் மெக்னீசியம், 5 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். உன் வழிப்படி மெக்னீசியம் முதலில் தீர வேண்டும். நடப்பது என்ன? 2.4 கிராம் மெக்னீசியம் என்பது 0.1 மோல் (டஜன் என்பது போல, அணுக்களையும் மூலக்கூறுகளையும் மொத்தமாக எண்ணுகிற அலகு மோல்). ஒரு மெக்னீசியத்துக்கு இரண்டு அமிலம் வேண்டும், ஆக 0.2 மோல், அதாவது 7.3 கிராம். உன்னிடம் இருப்பது 5. அமிலம் தீர்ந்துபோய், ஏறக்குறைய 0.76 கிராம் மெக்னீசியம் குடுவையின் அடியில் சும்மா கிடக்கும்.

கிராம் எடையைச் சொல்லும், தலைகளை எண்ணாது. தலைகளை எண்ண மோலுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றினாலும் போதாது. துத்தநாகக் கணக்கில் இரண்டுமே 0.1 மோல், சரிசமம். ஆனாலும் அமிலம் முதலில் தீர்கிறது. பந்தியில் இலைக்கு இரண்டு வடை என்று வைத்திருக்கும்போது நூறு இலைக்கு நூறு வடை இருந்தால் எது முதலில் தீரும்? சமன்பாட்டின் முன்னெண் சொல்வது அந்த இரண்டைத்தான். பாதித் துத்தநாகம், 3.25 கிராம், மிஞ்சும். உங்கள் தமிழ்வழிப் புத்தகத்தில் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று நீளமாக இருப்பது, முதலில் தீர்ந்து ஆட்டத்தை முடித்து வைக்கிற இந்த ஆளைத்தான்.

மயிலாடும்பாறையில் நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய இரும்பு கிடைத்ததாகப் படித்தேன். வேதியியல் தெரியாமல் எப்படி இரும்பு எடுத்தார்கள்?
*ஓய்வு பெற்ற தபால்காரர், கிருஷ்ணகிரி*

சமன்பாடு எழுதத் தெரியாது ஐயா, வேதியியல் நன்றாகவே தெரிந்திருக்கிறது. நம் மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்புக்குக் கிடைத்த காலக்கணிப்பு கி.மு. 2172. 2022-ல் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். 2025-ல் வெளியிட்ட அறிக்கையில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்கு அதைவிடப் பழைய காலம் சொல்லியிருக்கிறார்கள்.

மண்ணில் இரும்பு தனியாகக் கிடைப்பதில்லை, ஆக்சிஜனோடு பிணைந்து கிடக்கிறது. அதைப் பிரிக்க ஆக்சிஜனை இன்னும் பலமாக இழுக்கிற ஒருவர் வேண்டும். கரியை அடைத்து, துருத்தியால் அளவாகக் காற்று ஊதினால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அரூர் அம்மாவிடம் விஷம் என்று சொன்னேனே, அதே வாயு இங்கே வேலைக்காரன். 1 இரும்பு ஆக்சைடு + 3 கார்பன் மோனாக்சைடு → 2 இரும்பு + 3 கார்பன் டை ஆக்சைடு. கணக்குப்படி ஒரு கிலோ சுத்தமான ஆக்சைடில் அதிகபட்சம் 700 கிராம் இரும்பு.

இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும். பழைய மண் உலைகள் அவ்வளவு போகவில்லை, போக வேண்டிய தேவையும் இல்லை. ஏறக்குறைய 1200 டிகிரியில் ஆக்சிஜன் பிரிந்துவிடும், கசடு உருகி ஓடிவிடும், இரும்பு உருகாமல் கடற்பஞ்சு மாதிரித் துளைத்துளையாகக் கட்டியாக நிற்கும். அதைச் சுடச்சுட அடித்துக் கசடைப் பிதுக்கி எடுத்தார்கள். காற்று குறைந்தால் உலை சூடாகாது, மிகுந்தால் கரி முழுதாக எரிந்து இரும்பு திரும்பவும் ஆக்சைடாகும். அந்தப் பக்குவத்தைத் துருத்தி ஊதிய ஆள் தீயின் நிறத்தைப் பார்த்தே பிடித்திருக்க வேண்டும்.

பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறது. சோப்பு போட்டால் ஏன் வரவில்லை?
*எட்டாம் வகுப்பு மாணவி, மொரப்பூர்*

சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைத்தான் எடுக்கும் பாப்பா. உன் குடத்தில் இருக்கிற கறுப்பும் பச்சையும் அழுக்கு இல்லை, பித்தளையிலிருக்கிற தாமிரமே காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து உண்டான ஆக்சைடும் கார்பனேட்டும். அவை காரத்தன்மை உடையவை. புளியில் டார்ட்டாரிக் அமிலம் இருக்கிறது. அது அவற்றோடு வினைபுரிந்து, கழுவினால் போகிற உப்பாக மாற்றிவிடுகிறது. அடியிலிருந்த பித்தளை வெளியே தெரிகிறது. தேய்த்த புளித்தண்ணீர் லேசாகப் பச்சை ஓடியிருந்தால் அது கரைந்து வந்த தாமிரம்.

தேய்த்ததும் நன்றாகக் கழுவித் துணியால் துடைத்து வை, ஈரத்தோடு விட்டால் சீக்கிரமே மறுபடி கறுக்கும். வீட்டில் பாட்டி ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைப்பதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அதே வினை குழம்புக்குள் நடக்கும்.